பித்தப்பை என்று சொல்லியிருந்தாள்

மாலை ஐந்தரைக்கு வாசல் மணி அடித்தது. சோபாவில் சாய்ந்திருந்த லவோன் கண்ணைத் திறக்காமலேயே, "வந்துடுச்சு, போய் வாங்கு" என்றாள். அவள் கணவன் டுவெய்ன் ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தான். பதினைந்து நாளாக அதே நேரத்துக்கு அதே மணி.

அன்றைக்குச் சாப்பாடு கொண்டுவரும் முறை சர்ச்சுக்காரி ஹாரியட்டுக்கு. நூடுல்ஸும் கொத்திய மாட்டுக்கறியும் போட்டு, காளான் சூப்பை ஊற்றி, மேலே உருளைக்கிழங்கு வறுவலை நொறுக்கித் தூவி, அடுப்புக்குள் வைத்து எடுத்த ஹாட்டிஷ். கண்ணாடித் தட்டின் அடியில் ஒரு துண்டு டேப்பில் தன் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள். தட்டு திரும்பிப் போக வேண்டுமே.

"பித்தப்பை எடுத்தவங்களுக்குக் கொழுப்பு ஆகாதுன்னு சொன்னாங்க. அதான் சீஸைப் பாதியாக் கொறைச்சுட்டேன்" என்றாள் ஹாரியட். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "லவோன், நீ எழுந்திரிக்காதே! வயிறு நெறையச் சாப்பிடு, தெம்பு தானா வரும்" என்று கத்திவிட்டுப் போனாள்.

குறைத்த சீஸே தட்டின் நான்கு பக்கமும் வழிந்து காய்ந்திருந்தது. டுவெய்ன் அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். "ஒரு வாய்?"

"ஆளை விடு. எனக்கு இதோ இருக்கு."

அவள் கையில் ஒரு குட்டிக் கிண்ணத்தில் தயிர் இருந்தது. கைக்குழந்தைக்கு ஊட்டும் கரண்டியால் அரை மணி நேரமாகச் சாப்பிடுகிறாள், இன்னும் பாதி தீரவில்லை. ஒரு வாய் கூடினால் நெஞ்சில் கல் வைத்தது மாதிரி அடைக்கும். அவள் வயிற்றை ஒரு முட்டை அளவுக்குக் குறைத்து, குடலைத் திருப்பித் தைத்திருந்தார்கள்.

டுவெய்ன் பெருமூச்சு விட்டுத் தட்டில் கரண்டியைப் போட்டான். "வயித்தை அறுத்துக்கிட்டவ நீ. பெல்ட்டுல புது ஓட்டை போடறவன் நான்."

லவோனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. அதனால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்திலிருக்கும் எங்கள் எல்விக் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால், எதற்கு என்று யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். கேட்பது அநாகரிகம். அதற்குப் பதிலாகச் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுவார்கள். யார் யாருக்கு எந்த நாள் முறை என்று எழுதுவார்கள். மூன்று வாரத்துக்கு அந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்க வேண்டியதில்லை. மினசோட்டாக்காரனுக்கு அன்பு வந்தால் அதை வாயால் சொல்லத் தெரியாது, நூடுல்ஸில்தான் போடுவான். லவோனே இதுவரை நூறு தட்டாவது கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள். ஆனால் வயிற்றையே வெட்டி எடுத்தவள் வீட்டுக்கு மூன்று வாரம் ஹாட்டிஷ் வந்து குவிந்தது இந்த ஊர்ச் சரித்திரத்தில் முதல் தடவையாக இருக்கும். ஊரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பித்தப்பை என்று சொல்லியிருந்தாள் அவள்.

அந்தத் தாளை ஒட்டியவள் கார்லா. அதுதான் லவோனுக்குத் தயிரைவிடத் தொண்டையில் அடைத்தது.

கார்லாவும் லவோனும் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறவர்கள். இரண்டு பேரும் நல்ல கனம். அவர்கள் சேர்ந்து குளிர் அறைக்குள் போனால் மூன்றாவது ஆளுக்கு வெளியில்தான் இடம். வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய படைவீரர் மன்றத்துக்குப் போய் வறுத்த மீன் சாப்பிடுவார்கள். எப்போதும் ஜன்னலோர மேஜைதான், ஏனென்றால் அங்கேதான் கைப்பிடி இல்லாத நாற்காலிகள் இருந்தன. ஒல்லியாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஓர் அறைக்குள் நுழைந்ததும் எந்த நாற்காலி நம்மைத் தாங்கும், எது மானத்தை வாங்கும் என்று கண் முதலில் அதைத்தான் தேடும். அந்தத் தேடலை வாய் திறந்து சொல்லாமலே பகிர்ந்துகொள்ள லவோனுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தாள்.

அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்ததும் இரண்டு பேரும் சேர்ந்துதான். இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். ஆறு மாதம், மாதம் ஒரு வகுப்பு, ஒவ்வொரு வகுப்பிலும் எடை பார்ப்பார்கள். ஒரு மாதம்கூட எடை ஏறக் கூடாது. ஏறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாற்பது மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குக் கார்லாவின் காரில் போய் வந்தார்கள். நான்கு மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாம் மாதம் கார்லாவின் அம்மா இறந்துபோனாள். சாவு வீட்டுக்கு மூன்று நாள் சாப்பாடு வந்து குவிந்தது. அழுதுகொண்டே தின்றாள் கார்லா, யார்தான் தின்ன மாட்டார்கள். எடை இயந்திரம் மூன்று பவுண்டு ஏறியிருக்கிறது என்றது. இயந்திரத்துக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியுமா?

திரும்பி வரும்போது கார்லா காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். அப்போது லவோன் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவேதான் சொன்னாள்.

"நீ இல்லாம நான் போகமாட்டேன்டி. நீ மறுபடி ஆறு மாசம் முடி. நான் காத்திருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மே மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஜூன் முதல் வாரத்தில் யாரோ வரவில்லையாம், ஓர் இடம் காலியாக இருக்கிறது, வருகிறீர்களா என்றார்கள். இதை விட்டால் நவம்பர்தான். அதற்குள் இன்சூரன்ஸ் அனுமதி காலாவதியாகிவிடும், அப்புறம் அவளும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். லவோன் சமையலறையில் நின்றிருந்தாள். பத்தடி தள்ளி, முந்நூறு பிள்ளைகளுக்கான கிரேவியைக் கிண்டிக்கொண்டிருந்தாள் கார்லா.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் லவோன் குளிர் அறையில் ஒரு பெட்டியை எடுக்கக் குனிந்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் எழவிடவில்லை. இருபது நிமிஷம் உறைந்த பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கார்லா வந்து தூக்கிவிட்டு, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்தாளே தவிர, லவோனுக்கு உள்ளே நடுக்கம் எடுத்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் தரையிலிருந்து எழ முடியவில்லை என்றால் அறுபதில் என்ன கதி?

"வர்றேன்" என்று போனில் சொன்னாள்.

"யாருடி?" என்றாள் கார்லா, கிண்டுவதை நிறுத்தாமல்.

"டாக்டர். பித்தப்பையில கல்லாம். எடுக்கணும்னு சொல்றாங்க."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஒரு வாரத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் கார்லா அன்று மாலைக்குள் தாளை ஒட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இருபத்தொரு நாளுக்கும் பெயர் எழுதியாகிவிட்டது. அதில் நான்கு நாள் கார்லாவுடைய முறை.

அந்த நான்கு நாளும் கார்லா தட்டை வைத்துவிட்டுப் போகவில்லை, எதிரே உட்கார்ந்தாள். "சூடா இருக்கும்போதே சாப்பிடேன்டி" என்றாள். "அப்புறம் சாப்பிடறேன், குமட்டுது" என்றாள் லவோன். அந்த ஒன்று மட்டும் பொய்யில்லை.

கோடைக்காலம் முழுவதும் களைப்பிலேயே போயிற்று. காலையில் எழுந்தால் ஒரு மிடறு தண்ணீர், ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு மிடறு. மாத்திரையைப் பொடித்துக் குடிப்பது. தெருமுனைத் தபால் பெட்டி வரை நடந்து திரும்புவது. திரும்பியதும் படுப்பது. பசி என்பதே இல்லை. ஆசை மட்டும் அப்படியே இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தால் கைக்கு வேலை இல்லை. டுவெய்ன் ரொட்டியில் வெண்ணெய் தடவும் சத்தத்தைக் கேட்டு ஒருநாள் ஓவென்று அழுதாள். பாவம், அவன் பயந்துபோய் அன்றைக்குக் காரேஜில் நின்று சாப்பிட்டான். வெள்ளிக்கிழமை மீனுக்கு ஏதாவது சாக்கு சொல்லித் தட்டிக்கழித்தாள். கார்லா தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று போனில் ஒன்று விடாமல் சொன்னாள்.

செப்டம்பரில் பள்ளி திறந்தபோது லவோன் அறுபத்தைந்து பவுண்டு இளைத்திருந்தாள்.

இளைத்தவளை ஊர் சும்மா விடுமா? "பித்தப்பை இவ்வளவு எடையா இருக்கும்னு தெரியாமப் போச்சே, என்னோடதையும் எடுத்துடலாம் போலிருக்கே" என்றார் விளையாட்டு ஆசிரியர். "முகம் வத்திப்போச்சும்மா, முன்னாடிதான் லட்சணமா இருந்தே" என்றார் துப்புரவு வேலை பார்க்கும் பெரியவர். பதினைந்து வருஷமாகத் தலையைக்கூட ஆட்டாமல் போய்க்கொண்டிருந்த அலுவலகப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அழகா இருக்கீங்க" என்றாள். லவோனுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது. பதினைந்து வருஷமாக அதே கதவு வழியாகத்தானே போய் வந்துகொண்டிருந்தாள்? அவ்வளவு பெரிய உடம்பு அப்போது கண்ணில் படவில்லையா? ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே பத்து மணிக்குள் ஓய்ந்துபோவாள்.

குசுகுசுவென்று பேச்சும் ஆரம்பித்தது. ஒருநாள் அவள் சாமான் அறையில் மாவு எடுத்துக்கொண்டிருந்தபோது, தட்டு கழுவும் இடத்தில் ஒருத்தி, "வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கிட்டாளோ என்னவோ" என்று சொல்வது கேட்டது.

"யாரு, லவோனா?" கார்லாவின் குரல் பாத்திரச் சத்தத்தை மீறிக்கொண்டு வந்தது. "என்னை விட்டுட்டா? அவளாவது, போறதாவது! எங்களுக்குள்ள சத்தியம் இருக்கு. தெரியாதவங்க வாயை மூடிக்கிட்டு தட்டைக் கழுவுங்க."

லவோன் மாவு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கணமே வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கே தெரியும். மாவை அளந்து பாத்திரத்தில் கொட்டினாள். பேச்சு அதோடு அடங்கியது. கார்லா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அப்படியென்றால் வேறு என்ன? ஊர் யோசித்தது. அந்த மாதக் கடைசியில் லவோனுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. வலைத்தொப்பியைக் கழற்றினால் உள்ளே கொத்துக் கொத்தாகக் கிடக்கும். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மூன்றாம் மாதம் அப்படிக் கொட்டும், பிறகு வளர்ந்துவிடும் என்று ஆறாவது வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கி இன்னும் ஆறாவதை எட்டாத கார்லாவுக்கு அது தெரியாது.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, எண்பத்து நான்கு வயது ஆர்டிஸ் அம்மாள் சர்க்கரை தூவிய எலுமிச்சைக் கேக் துண்டு ஒன்றை லவோனின் கையில் திணித்தாள். "சாப்பிடு கண்ணு. காத்துல பறந்துடுவே போலிருக்கே." ஆர்டிஸ் அம்மாள் கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னவர்கள் எங்கள் சபையில் கிடையாது. லவோன் பாதியைத் தின்றாள். வெட்டிச் சுருக்கிய குடலுக்குச் சர்க்கரை ஆகாது. பத்தே நிமிஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை கொட்டி, ஞாயிறு பள்ளி அறையில் குழந்தைகளின் பாயில் போய் விழுந்தாள். முகம் வெளுத்து அவள் கிடந்ததைக் கதவோரம் நின்று ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நாகரிகம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நான்கு நாள் கழித்து டுவெய்ன் ஆணி வாங்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"லவோன், உனக்குக் கேன்சர்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு."

"என்னது?"

"கடையில ஆறு பேரு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. குளிர்காலத்துக்கு விறகு வெட்டித் தர்றோம்னாங்க. ஒருத்தன் அழுதே போட்டான்."

"நீ என்னய்யா சொன்னே?"

"நன்றின்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்றது? நான் வாயைத் திறந்தா உன் பொய் உடையும்." அவன் அவள் எதிரே உட்கார்ந்தான். "கார்லாகிட்டயாவது சொல்லிடு. நான் கெஞ்சிக் கேக்கறேன்."

"சொல்றேன்."

"எப்ப?"

"வர்ற வாரம்."

அவள் மெய்யாகவே அப்படித்தான் நினைத்தாள். ஆனால் திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது அவளிடம் நிற்கத்தான் தெம்பு இருந்தது. சொல்வதற்குத் தெம்பு இல்லை. அவள் பயந்தது ஊருக்கு அல்ல. ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு ஓயும். கார்லா போய்விட்டால் திரும்ப மாட்டாள் என்பதுதான் பயம்.

சனிக்கிழமை மதியம் கார்லாவே வந்தாள். அக்டோபர் தொடக்கம்தான், ஆனாலும் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்து விட்டிருந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினாள்.

இடுப்பு வரை தொங்கும் பின்னல் அவளுக்கு. கருஞ்சிவப்பு முடி. அதை அடக்க வேலையில் இரண்டு வலைத்தொப்பி போடுவாள். அதைக் காணோம். தலை முழுவதும் ஆண்பிள்ளைக்கு வெட்டுவது போல ஒட்ட வெட்டியிருந்தது.

"என்னடி பண்ணிட்டே!"

"குளிருதுடி" என்று சிரித்தாள் கார்லா. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உனக்கா எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு. ஆனா தொப்பிக்குள்ள கொட்டிக் கெடக்கறதை தெனமும் பாக்கறேனே. உன்னைத் தனியா மொட்டையா நிக்க விட்டுடுவேனா? எதுன்னாலும் ரெண்டு பேரும் சேர்ந்துதான்னு என்னைக்கோ பேசினோமில்ல?"

லவோனுக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. நாற்காலி எங்கே என்று தெரியவில்லை.

"நாளைக்குச் சபையில உனக்கு ஜெபப் போர்வை தர்றாங்க. நான் சொல்லக் கூடாது, சொல்லிட்டேன். நாப்பது பேரு முடிச்சுப் போட்டிருக்கோம். ஒவ்வொரு முடிச்சுக்கும் உன் பேரைச் சொல்லி ஜெபம். நான் மட்டும் பன்னெண்டு போட்டேன். விரல் எல்லாம் ஊசி குத்தி—"

"கார்லா, எனக்குக் கேன்சர் இல்லை."

கார்லா அவள் கையைப் பற்றினாள். "இல்லையா?"

"இல்லை."

"டாக்டர் சொன்னாரா? நிச்சயமா? அப்ப நீ சாகமாட்டே?"

"சாகமாட்டேன்டி."

கார்லா அவளைக் கட்டிக்கொண்டாள். இளைத்த உடம்பில் எலும்பு நோகிற அளவுக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டு, அழுது, சிரித்து, முதுகில் அடித்தாள். "பாவி, பாவி, ரெண்டு வாரமாத் தூக்கமில்லைடி எனக்கு! நீ செத்துட்டா நான் யார்கூடப் போய் மீன் தின்பேன்னு..." என்று தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டுவெய்ன் சமையலறை வாசலில் வந்து நின்று மனைவியைப் பார்த்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். சத்துக் குறைவு, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரு வரி போதும், கார்லா நம்பிவிடுவாள். அவள் நம்புகிறவள். லவோன் அந்த ஒரு வரியைக் கிட்டத்தட்ட சொல்லியேவிட்டாள். ஆனால் கன்னத்தில் அந்த ஒட்ட வெட்டிய தலை குத்திக்கொண்டிருந்தது.

"ஜூன்ல நான் பித்தப்பை எடுக்கலை" என்றாள்.

கார்லாவின் கைகள் உடனே விலகவில்லை. மெதுவாகத்தான் தளர்ந்தன. ஓர் அடி பின்னால் நகர்ந்து லவோனை மேலிருந்து கீழே பார்த்தாள், அன்றைக்குத்தான் பார்ப்பதைப் போல.

"அந்த போன். நான் கிரேவி கிண்டிக்கிட்டிருந்தேனே, அன்னிக்கா?"

"ஆமா."

"நான் லிஸ்ட் எழுதினேன். நாலு தடவை சமைச்சுக் கொண்டாந்தேன். எதிர்ல உக்காந்து சாப்பிடு சாப்பிடுன்னேன்."

"ஆமா."

"ஊரே சரியாத்தான் பேசியிருக்கு. நான்தான் அவங்க வாயை அடைச்சேன்."

"கார்லா, எனக்கு பயம்டி. அந்த இடத்தை விட்டா நானும் போகவே மாட்டேன்னு பயம். உன்கிட்ட சொல்ல அதைவிட பயம்."

கார்லாவின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. அங்கே பின்னலைத் தேடிவிட்டுக் கீழே இறங்கியது.

"என்கிட்ட கேட்டிருந்தா போடின்னு அனுப்பியிருப்பேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னாள். "பொறாமைப்பட்டிருப்பேன். ஒரு வாரம் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன். அப்புறம் நானே காரை எடுத்துக்கிட்டு வந்து உன்னை ஆஸ்பத்திரில கொண்டுபோய் விட்டிருப்பேன். அது தெரியாதா உனக்கு? இருபத்திரண்டு வருஷத்துல அது தெரியலையா?"

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கதவை அறையக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் லவோன் நினைத்தாள். டுவெய்ன் அவளுடைய கோட்டை எடுத்து வந்து பிடித்துக்கொண்டு நின்றான். போனாள்.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் கிர்ஸ்டன் பலிபீடத்துக்கு முன்னாலிருந்த கம்பியில் போர்வையை விரித்துப் போட்டார். நீலமும் மஞ்சளுமாக ஒட்டுத்துணிச் சதுரங்கள், சதுரத்துக்குச் சதுரம் சிவப்பு நூல் முடிச்சு. "நம் சகோதரி லவோன் முன்னே வரட்டும்" என்றார். லவோன் போனாள். மூன்றாவது வரிசை ஓரத்தில் கம்பளித் தொப்பி தெரிந்தது.

"இதை வாங்கிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். "எனக்குக் கேன்சர் இல்லை. பித்தப்பையும் எடுக்கலை. வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். வெக்கமா இருந்துச்சு, அதனால பொய் சொன்னேன். உங்க எல்லார் வீட்டுச் சாப்பாட்டையும் வாங்கி வெச்சுக்கிட்டுப் பொய் சொன்னேன். கார்லாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவ என்னை நம்பினா, அவ்வளவுதான். அவ தலையைப் பாத்து யாரும் சிரிக்காதீங்க. அது என்னால போச்சு."

எங்கள் ஊர்க்காரர்கள் கோபம் வந்தாலும் தரையைத்தான் பார்ப்பார்கள். நூறு பேர் தரையைப் பார்த்தார்கள். ஹாரியட் மட்டும் நிமிர்ந்து டுவெய்னின் தொப்பையைப் பார்த்தாள், அவளுடைய ஹாட்டிஷ் எங்கே போயிற்று என்று அப்போதுதான் புரிந்தது போலும். காது கேட்காத ஆர்டிஸ் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "என்ன சொல்றா?" என்று உரக்கக் கேட்டாள்.

"கேன்சர் இல்லையாம்."

"நல்லதுதானே! அப்புறம் ஏன் எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டிருக்கீங்க?"

"இளைக்கறதுக்கு வயித்தை வெட்டிக்கிட்டாளாம்."

"ஓ." ஆர்டிஸ் அம்மாள் சற்று யோசித்தாள். "பத்தொன்பது முடிச்சுப் போட்டேனே நான்."

பின்வரிசையில் யாரோ, "குறுக்கு வழி" என்று முணுமுணுத்தார்கள். அது லவோனுக்குக் கேட்டது. நான்கு மாதமாகத் தயிரும் தண்ணீரும் மயக்கமுமாகக் கிடந்தவளுக்கு அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. "போர்வையை வேற யாருக்காவது கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

கார்லா எழுந்தாள். தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, அந்தத் தலையோடு நூறு பேர் பார்க்க முன்னே வந்தாள். கம்பியிலிருந்து போர்வையை உருவி, உதறி, லவோனின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். கழுத்தருகே இரண்டு முனையையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "உனக்காகத்தான் போட்டது. இளைச்ச உடம்பு குளிர் தாங்காது."

சபை மொத்தமும் மூச்சு விட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கைதட்டக்கூட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே கார்லா லவோனின் காதருகே குனிந்தாள்.

"வெள்ளிக்கிழமை வராதே. சமையலறையில வேலையைப் பத்தி மட்டும் பேசு. வேற எதுவும் பேசாதே."

"எதுவரைக்கும்?"

கார்லா தலையை ஒருமுறை தடவிக்கொண்டாள். "இது பின்னல் போடற அளவுக்கு வளரட்டும். அப்புறம் பாக்கலாம்."

போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள். லவோன் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். சின்னப் பின்னல் போடவே ஒன்றரை வருஷம் ஆகும், இரண்டும் ஆகலாம். ஆகட்டும். இந்தத் தடவை அவள் காத்திருப்பாள்.